கேபிள் வேலைக்கா பொண்ணை அனுப்புறது?

கேரளத்தின் இடுக்கி மாவட்டம், தேவிகுளம் தாலுகாவில் ஒரு தேயிலை எஸ்டேட்டிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். கோடு போட்ட நோட்டுத் தாளில் ஏழு பக்கம். அடையாளம் தெரியக்கூடியவற்றை எடுத்துவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

அவருக்கு 43 வயது. கொழுந்து எடுக்கிறார். வீட்டுக்காரருக்குத் தேயிலை ஃபேக்டரியில் வேலை. தாத்தா காலத்தில் சங்கரன்கோவில் பக்கமிருந்து மலையேறிய குடும்பம், குடியிருப்பது கம்பெனி லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில். மூத்த மகள் பத்தாவது வரை தமிழ் மீடியம், இப்போது பிளஸ் டூவில் சயன்ஸ் குரூப். போன வருடம் பள்ளியிலிருந்து கொச்சியில் ஒரு கண்காட்சிக்குக் கூட்டிப் போயிருக்கிறார்கள். முடி போன்ற கண்ணாடி இழைக்குள், அதாவது ஆப்டிகல் ஃபைபருக்குள், சிவப்பு வெளிச்சத்தை விட்டு, இழையை விரலில் சுற்றியதும் வளைந்த இடத்தில் வெளிச்சம் கசிந்ததாம். "இதை மண்ணுக்குள் புதைத்தால் மண் அசைவது தெரியும்" என்று அங்கே நின்றவர் போகிற போக்கில் சொன்ன ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு மகள் வீடு வந்து சேர்ந்தாள்.

2020 ஆகஸ்ட் 6 இரவு பெட்டிமுடியில் மலை சரிந்து 70 பேர் போனார்கள். அதில் இவர்களுக்கு ஒன்றுவிட்ட சொந்தமும் உண்டு. அப்போது மகளுக்கு 12 வயது. "முன்னாடியே சொல்ற கம்பியை நான் செய்வேன்" என்கிறாளாம். கொச்சின் அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில், அதாவது குசாட்டில், போட்டோனிக்ஸ் எனும் ஒளித் தொழில்நுட்பத்தில் ஐந்து வருட எம்.எஸ்சி. படிப்பு, அப்புறம் ஆராய்ச்சி என்று முடிவு செய்து வைத்திருக்கிறாள்.

அப்பாவுக்கு ஃபைபர் என்றால் வீட்டுக்கு இன்டர்நெட் இழுக்க வரும் பையன்கள்தான் ஞாபகம். "கம்பத்துல ஏறுற வேலைக்கா பொம்பளப் புள்ள?" என்கிறார். போடியில் இருக்கும் கொழுந்தனார் நர்சிங் படிக்க வை, நாலே வருடத்தில் வெளிநாடு என்கிறார். தாயின் பயங்கள் வேறு. லேசர் கதிர் பட்டால் பிற்காலத்தில் பிள்ளைப்பேறு பாதிக்குமா? தமிழில் படித்தவள் சமாளிப்பாளா? செலவு? கல்யாணம்? ஜாதிச் சான்றிதழ் கேட்டுப் போன ஓர் அலுவலகத்தில் "நீங்க தமிழ்நாடு" என்று திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். "சரி, தமிழ்நாட்டுல பொண்ணுங்களுக்கு மாசம் ஆயிரம் குடுக்குறாங்களே, அதாவது கிடைக்குமா?" என்றும் கேட்கிறார். கடைசி வரி: "2015-ல ஒன்பது நாள் ரோட்டுல உக்காந்தப்பகூட எனக்கு இவ்வளவு பயம் இல்ல மேடம்."

அன்புள்ள சகோதரி,

போனஸ் கேட்டு மூணாறு ரோட்டில் ஒன்பது நாள் உட்கார்ந்த பெண்களில் ஒருவர் நீங்கள். உங்களுக்கு நான் தைரியம் சொல்வது சரியாக இருக்காது. இருபது வருடமாக இந்த இழையோடு மல்லுக்கட்டுகிறவள் என்ற முறையில் தெரிந்ததைச் சொல்கிறேன். நானும் தூரத்து ஆள் இல்லை, போடிமெட்டுக்குக் கீழே பிறந்தவள்தான்.

கம்பி எப்படிக் கேட்கிறது

உங்கள் வீட்டுக்காரர் சொல்வதில் பாதி சரி. பொருள் அதேதான். உறையை உரித்துவிட்டால் ஒரு மில்லிமீட்டரில் எட்டில் ஒரு பங்கு தடிமன் உள்ள கண்ணாடி. அதற்கும் நடுவே, ஒன்பது மைக்ரோமீட்டர் அகலத்தில்தான் வெளிச்சம் ஓடுகிறது. கேபிள்காரர் அதன் வழியே செய்தி அனுப்புகிறார். நாங்கள் அனுப்பிய வெளிச்சத்தில் எவ்வளவு திரும்பி வருகிறது, எப்படித் திரும்பி வருகிறது என்று பார்க்கிறோம்.

கண்ணாடி எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் உள்ளே நுண்ணிய மேடு பள்ளம் போல ஒன்று உண்டு. ஓடுகிற வெளிச்சத்தில் துளியிலும் துளி அங்கங்கே மோதிச் சிதறி, வந்த வழியே திரும்பும். கண்ணாடிக்குள் வெளிச்சம் ஒரு மீட்டர் போய் வர 10 நானோ விநாடி. திரும்பிய நேரத்தைக் கணக்குப் போட்டால் எந்த மீட்டரிலிருந்து வந்தது என்று தெரிந்துவிடும். அந்த இடத்தில் மண் அதிர்ந்தால் இழையும் கொஞ்சம் இழுபடும், திரும்பும் வெளிச்சம் அதற்கேற்ப மாறும். ஒரே இழையில் 40 கிலோமீட்டருக்கு, மீட்டர் மீட்டராக இப்படிக் கேட்டுக்கொண்டிருக்கலாம். வடகிழக்கு எல்லை ரயில்வேயில் 'கஜராஜ்' என்று ஓர் ஏற்பாடு இருக்கிறது. தண்டவாளத்தை ஒட்டி ஓடும் ஃபைபரில் யானையின் காலடி விழுவதைக் கண்டுபிடித்து ரயில் டிரைவருக்குச் சொல்லிவிடுகிறது. இதை வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள். யானைக் கதை என்றால் உங்கள் ஊரில் யாரும் காது கொடுப்பார்கள்.

கம்பம் ஏறுவது பற்றி ஒன்று. என் முதல் வேலையில், ஒரு சரிவில் இழை பதிக்கக் குழி வெட்டினார்கள். "லேடீஸ் இறங்க வேண்டாம், ஜீப்பிலேயே இருங்க" என்றார் மேலதிகாரி. மடியில் கம்ப்யூட்டரோடு ஜீப்பில் உட்கார்ந்தேன். மேலே யாராவது நடந்தால் திரையில் புள்ளி புள்ளியாக ஒரு சாய்ந்த கோடு ஓடும். மண்வெட்டி விழுந்தால் பளிச்சென்று ஒரு கீற்று. ஆள் டீ குடிக்க உட்கார்ந்ததுகூடத் தெரிந்தது. அன்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஆனால் இழையை மண்ணோடு எப்படி இறுக்கிப் பதிப்பது என்று கற்றுக்கொள்ள அப்புறம் நாலு வருடம் ஆனது. குழிக்குள் இழை தொளதொளவென்று கிடந்தால் மண் நகர்ந்தாலும் அதற்குத் தெரியாது, திரை சும்மா இருக்கும். குழியில் இறங்காதவருக்கு அந்தச் 'சும்மா'வை நம்பலாமா கூடாதா என்று சொல்ல முடியாது. அதனால் உங்கள் மகள் குழியிலும் இறங்கட்டும், தேவைப்பட்டால் கம்பத்திலும் ஏறட்டும். "வேண்டாம்மா, நீங்க நிழல்ல இருங்க" என்று யாராவது அன்பாகச் சொன்னால் அப்போதுதான் உஷாராக இருக்க வேண்டும்.

மலையா, வெயிலா?

இந்தப் பகுதியை மகளுக்குப் படித்துக் காட்டுங்கள்.

ஒரு மீட்டர் இழை ஒரே ஒரு மைக்ரோமீட்டர் இழுபட்டாலும் எங்கள் கருவி பார்த்துவிடும். இதைத்தான் கண்காட்சியில் சொல்லியிருப்பார்கள். சொல்லாமல் விட்டது இது: இழையின் சூடு ஒரு டிகிரி ஏறினாலே எட்டு மைக்ரோமீட்டர் இழுபட்டது போலக் காட்டும். காலையில் பனி, பதினோரு மணிக்கு வெயில் என்று இருக்கும் உங்கள் ஊரில் தினமும் மலை நகர்கிறது என்று மணி அடிக்கும். நாலு நாள் அடித்தால் ஐந்தாம் நாள் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். அதனால் பக்கத்திலேயே இழுபடாத இன்னோர் இழையை விட்டுச் சூட்டை மட்டும் தனியே அளந்து கழிக்கிறோம். எங்கள் வேலையில் பாதி இப்படிக் கழிப்பதுதான். மழை, லாரி, மாடு, வெயில் எல்லாவற்றையும் கழித்த பிறகு மிச்சம் இருப்பது மலையா என்று பார்க்க வேண்டும்.

அப்புறம், பெட்டிமுடியில் மண் புறப்பட்டது லயத்துப் பக்கத்திலிருந்து இல்லை, மேலே வெகு தூரத்திலிருந்து. இழை எங்கே கிடக்கிறதோ அங்கே நடப்பதைத்தான் அது சொல்லும். அன்று கரண்டும் இல்லை, போனும் இல்லை, நடந்தது வெளியே தெரியவே காலை ஆனது. கம்பி முன்கூட்டிச் சொல்கிறது என்றே வைத்துக்கொள்வோம். திரையைப் பார்க்க ராத்திரியில் ஓர் ஆள் வேண்டும், அந்தத் தகவல் கீழே போய்ச் சேர வேண்டும், குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓட ஒரு பாதையும் போய் இருக்க ஓர் இடமும் வேண்டும். சரிவுக்குக் கீழே லயம் கட்டாமல் இருப்பது எந்த உணரியையும் (சென்சார்) விட நல்ல ஏற்பாடு என்பது என் அபிப்பிராயம். அதை இயற்பியலார் மட்டும் சாதிக்க முடியாது.

உங்கள் மூணாறிலேயே அந்தோணியார் காலனிச் சரிவில் அமிர்தா பல்கலைக்கழகம் பல வருடமாக உணரிகளைப் பதித்துக் கவனித்து வருகிறது. அது ஃபைபர் இல்லை. மண்ணுக்குள் நீரின் அழுத்தத்தையும் அசைவையும் அளந்து வயர்லெஸ்ஸில் அனுப்பும் ஏற்பாடு. அதை முன்னின்று செய்தவர் மனீஷா வினோதினி ரமேஷ், ஒரு பெண். மகளுக்கு உண்மையிலேயே நிலச்சரிவுதான் ஆர்வம் என்றால் ஃபைபர் ஒன்றுதான் கதவு என்றில்லை. புவியியல், சிவில், எலக்ட்ரானிக்ஸ் எல்லாம் அந்தச் சரிவுக்குத்தான் போய்ச் சேரும்.

ஒரு சின்னச் சோதனை வையுங்கள். "வளைச்ச இடத்துல வெளிச்சம் ஏன் கசிஞ்சுது?" என்று கேளுங்கள். அவள் ஏற்கெனவே அதைத் தேடிப் படித்துக் கோணம், கண்ணாடி என்று உங்களைப் பிடித்துக்கொண்டு விளக்கினால் தாராளமாக அனுப்பலாம். பெட்டிமுடியைப் பற்றி மட்டுமே பேசினால் கொஞ்சம் நிதானியுங்கள். முதல் இரண்டு வருடம் கணக்கும் மின்காந்த அலையும்தான் வரும், பெட்டிமுடி வராது. துக்கத்தை மட்டும் நம்பி அந்த இரண்டு வருடத்தைத் தாண்டுவது கஷ்டம். செத்துப்போனவர்களுக்குக் கடன் தீர்க்கும் வேலையை 17 வயதுப் பெண்ணின் தலையில் யாரும் வைக்கக் கூடாது, அவளே வைத்துக்கொண்டாலும் மெல்ல இறக்கி விடுங்கள்.

லேசரும் தமிழ் மீடியமும்

லேசர் என்பது எக்ஸ்ரே போன்ற கதிர் இல்லை. நாங்கள் பயன்படுத்துவது பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு வெளிச்சம், இழைக்குள்ளேயே ஓடுவது. கர்ப்பப்பைக்கு அதனால் ஒன்றும் ஆகாது. ஆபத்து கண்ணுக்குத்தான். வெளிச்சம் தெரியவில்லையே என்று இழையின் நுனியை எட்டிப் பார்க்கக் கூடாது. இன்னொன்று, வெட்டி எறிந்த கண்ணாடித் துணுக்கு. விரலில் ஏறினால் முள்ளைவிட மோசம், கண்ணுக்கும் தெரியாது. கறுப்பு விரிப்பின் மேல் வைத்து வெட்டி, துணுக்கை டேப்பில் ஒட்டி எடுத்துவிடுவோம். அந்த மேஜையில் டிபன் பாக்ஸ் திறந்தால் எங்கள் லேபில் திட்டு விழும்.

தமிழ் மீடியம் விஷயத்தில் நான் என்னையே சாட்சி சொல்கிறேன். 'முழு அக எதிரொளிப்பு', அதாவது வெளிச்சம் வெளியேறாமல் கண்ணாடிக்குள்ளேயே திரும்புவது, எனக்குத் தலைகீழாகத் தெரியும். கல்லூரியில் அதையே ஆங்கிலப் பெயரில் சொன்னபோது ஏதோ புதிய பாடம் என்று நினைத்து ஒரு வாரம் அழுதேன். ஒரு நோட்டில் இடப்பக்கம் தமிழ், வலப்பக்கம் ஆங்கிலம் என்று எழுத ஆரம்பித்தேன். முதல் செமஸ்டருக்குள் நோட்டு நிறைந்துவிட்டது. உங்கள் மகளுக்கு மலையாளமும் தெரிந்திருக்கும். கொச்சி ஹாஸ்டலில் அது எனக்கு இல்லாத வசதி.

பணமும் சான்றிதழும்

இங்கேதான் உங்களுக்குச் சில தப்பான எண்ணங்கள் இருக்கின்றன. வரிசையாகச் சொல்கிறேன், பேனாவை எடுத்துக்கொள்ளுங்கள்.

மாதம் ஆயிரம் தரும் புதுமைப் பெண் திட்டம் தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் (அரசு உதவி பெறும் பள்ளி என்றால் தமிழ் மீடியத்தில்) ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்த பெண்களுக்கு. நாம் தமிழர் என்பது போதாது, படித்த பள்ளி எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்க வேண்டும். அதை விட்டுவிடுங்கள்.

ஜாதிச் சான்றிதழை விடாதீர்கள். பட்டியல் சாதி ஆணை வந்த 1950 ஆகஸ்ட் 10-க்கு முன்பே உங்கள் குடும்பம் இப்போதைய கேரளப் பகுதியில் குடியிருந்ததா என்பதுதான் கேள்வி. தாத்தா அதற்கு முன்பே வந்தவர் என்று காட்ட முடிந்தால், உங்கள் சாதி கேரளப் பட்டியலிலும் இருந்தால், கேரளச் சான்றிதழே கேட்கலாம். எஸ்டேட்டின் பழைய பெயர்ப் பதிவு, தாத்தாவோ பெரிய தாத்தாவோ படித்த பள்ளியின் அட்மிஷன் பதிவு, ஞானஸ்நான ஏடு, எது கிடைத்தாலும் நகல் எடுங்கள். வாய்மொழியாக மறுத்தால் திரும்பி வராதீர்கள். மனுவை எழுத்தில் கொடுத்து ரசீது வாங்குங்கள், மறுப்பையும் எழுத்தில் கேளுங்கள். கிடைத்துவிட்டால் மாநில அரசின் இ-கிராண்ட்ஸ் உதவிக்கு வழி திறக்கும். நிரூபிக்க முடியாவிட்டால் பூர்வீக ஊரை வைத்துத் தமிழ்நாட்டுச் சான்றிதழ் வாங்கலாம். அது கேரள அரசின் சலுகைக்குச் செல்லாது. ஆனால் ஐஐடி போன்ற மத்திய நிறுவனங்களில் செல்லும். எம்.எஸ்சி.க்குப் பாலக்காடு ஐஐடிக்கோ சென்னைக்கோ போக நினைத்தால் அப்போது கைகொடுக்கும்.

மத்திய அரசின் 'இன்ஸ்பயர்' உதவித்தொகை ஆண்டுக்கு 80,000 ரூபாய். பிளஸ் டூவில் அவரவர் போர்டில் முதல் ஒரு சதவீதத்துக்குள் வந்து, அடிப்படை அறிவியல் படிப்பவர்களுக்கு. சேரும் படிப்பின் பெயர் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று சேருமுன் பார்க்க வேண்டும். பெண்களுக்கான 'பிரகதி' உதவியைப் பற்றிப் பக்கத்து வீட்டு ஆசிரியர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அது ஆண்டுக்கு 50,000, ஆனால் டிப்ளமோ, பி.டெக் போன்ற தொழில்நுட்பப் படிப்புகளுக்கு. எம்.எஸ்சி.க்கு வராது.

ஈடு வைக்க லயத்தில் நமக்கு ஒரு செங்கல்லும் சொந்தம் இல்லை என்று எழுதியிருந்தீர்கள். கல்விக் கடனில் 4 லட்சம் ரூபாய் வரை வங்கி ஈடு கேட்கக் கூடாது. கேட்டால், கேட்டதை எழுதித் தரச் சொல்லுங்கள். பெரும்பாலும் அத்தோடு அடங்கிவிடுவார்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது: ரிசல்ட் வரட்டும், பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். குசாட்டுக்குத் தனி நுழைவுத் தேர்வு உண்டு. விண்ணப்பம் பிளஸ் டூ ரிசல்ட்டுக்கு ரொம்ப முன்பே முடிந்துவிடும். விண்ணப்பித்தால் போயே ஆக வேண்டும் என்றில்லை. விண்ணப்பிக்காவிட்டால் வீட்டுச் சண்டையில் யார் ஜெயித்தாலும் ஒன்றும் செய்ய முடியாது.

நர்சிங்கா, இதுவா?

உங்கள் கொழுந்தனாரைத் தப்பாகச் சொல்ல மாட்டேன். ரிடையர் ஆனதும் லயத்தைக் காலி பண்ண வேண்டிய குடும்பத்துக்கு நாலு வருடத்தில் சம்பளம் என்பது சின்ன விஷயமில்லை. போட்டோனிக்ஸ் அப்படி இல்லை. எம்.எஸ்சி. முடிய ஐந்து வருடம். அத்தோடு நிறுத்தினால் முதல் சம்பளம் பெரிதாக இருக்காது, அதற்கும் ஊர் ஊராகப் போக வேண்டும். ஃபைபர் உணரி என்று மட்டும் பார்த்தால் நம் நாட்டில் வேலை கொஞ்சம்தான். தொலைத்தொடர்பு, மருத்துவக் கருவி, லேசர், விண்வெளி என்று விரித்துப் பார்த்தால்தான் நம்பிக்கை வரும்.

ஆனால் பிஎச்.டி. என்றால் பணம் கட்டிப் படிப்பது என்று நினைத்திருக்கிறீர்கள். நெட் போன்ற தேர்வு எழுதி ஜே.ஆர்.எஃப். என்ற இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை வாங்கினால் மாதம் 37,000 ரூபாய், வீட்டு வாடகைப் படி தனி, மூன்றாம் வருடத்திலிருந்து 42,000. நடுவில் கல்யாணம், குழந்தை என்றால் பிஎச்.டி. காலத்தில் 240 நாள் வரை விடுப்பு எடுக்கலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) விதியே இருக்கிறது. லேபிலோ களத்திலோ யாராவது தொந்தரவு கொடுத்தால் புகார் கேட்க ஒவ்வொரு நிறுவனத்திலும் உள்புகார்க் குழு இருக்க வேண்டும் என்று 2013-ல் சட்டம் வந்துவிட்டது. சேர்ந்த முதல் வாரத்திலேயே அந்தக் குழுவில் யார் யார் என்று பார்த்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். நான் அதைச் செய்யாமல் விட்டு ஒரு வருடம் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறேன்.

உங்கள் மாவட்டத்துப் பெண் ஒருவரைச் சொல்கிறேன். பீர்மேட்டில் 1918-ல் பிறந்த அன்னா மணி. எட்டாவது பிறந்த நாளுக்கு வீட்டில் வைரத்தோடு கொடுக்க, வேண்டாம், கலைக்களஞ்சியம் வாங்கிக் கொடுங்கள் என்று கேட்டவர். பெங்களூரில் சி.வி.ராமனிடம் வைரத்தின் ஒளியை ஆராய்ந்தார். இழையின் சூட்டை அளக்க நாங்கள் இன்று நம்பியிருப்பது அந்த ராமன் 1928-ல் கண்ட சிதறலைத்தான். ஆனால் அன்னா மணிக்கு டாக்டர் பட்டம் கிடைக்கவில்லை, எம்.எஸ்சி. இல்லை என்று சென்னைப் பல்கலைக்கழகம் தர மறுத்துவிட்டது. அவர் வானிலைத் துறைக்குப் போய் மழையையும் வெயிலையும் காற்றையும் அளக்கும் கருவிகளை இந்தியாவிலேயே செய்ய வைத்தார். வசதியான வீட்டுப் பெண், உங்கள் மகளுக்கு அந்த வசதி இல்லை, உண்மைதான். ஆனால் நுழைவுத் தேர்வு, உதவித்தொகை, 37,000 என்று உங்கள் மகளுக்கும் வழிகள் இருக்கின்றன.

என் யோசனை இதுதான். குசாட் தேர்வை எழுதட்டும். பக்கத்துக் கல்லூரி பி.எஸ்சி. இயற்பியலுக்கும் ஒரு விண்ணப்பம் போடட்டும், அதை முடித்துவிட்டு ஜாம் தேர்வு எழுதி ஐஐடியில் எம்.எஸ்சி. போகும் வழியும் நல்ல வழிதான், முதல் மூன்று வருடச் செலவும் குறைவு. நர்சிங் விண்ணப்பத்தையும் போட்டு வைக்கலாம், கொழுந்தனார் சமாதானமாவார். மூன்றில் எது என்று மே மாதத்தில் மகளே முடிவெடுக்கட்டும்.

வீட்டுக்காரருக்கு வார்த்தையால் சொல்லிப் புரிய வைக்க முடியாது என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரு ஞாயிறு இரவு லைட்டை அணைத்துவிட்டு இதைச் செய்யச் சொல்லுங்கள். பெரிய தண்ணீர் பாட்டில், அதன் பக்கவாட்டில் அடியோரமாக ஆணியைச் சுட்டு ஓர் ஓட்டை. தண்ணீரை நிரப்பி, ஓட்டைக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து சிவப்பு லேசர் பேனாவை நேராக ஓட்டையைப் பார்த்து அடிக்க வேண்டும். யார் கண்ணுக்கும் நேராகப் பிடிக்கக் கூடாது. தண்ணீர் வளைந்து விழும், வெளிச்சமும் அதோடு வளைந்து இறங்கும். 1841-ல் ஜெனீவாவில் கொலாடோன் என்பவர் செய்து காட்டியது இதுதான். அப்பாவின் உள்ளங்கையை அந்தத் தண்ணீருக்குக் கீழே நீட்டச் சொல்லுங்கள், கையில் சிவப்பாக விழும். தரை நனையும், வாளி ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்.